எதிர்ப்பு நத்தை சரி, எந்தப் புழுவுக்கு எதிர்ப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நன்னீர் நத்தைகள் பரப்பும் ரத்தப்புழு நோய் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2021-ல் 25 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு இந்த நோய்க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். தமிழில் அதிகம் பேசப்படாத நோயை எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனாலும் இரண்டு திருத்தங்கள் தேவை. ஒன்று, நீங்கள் அச்சிட்ட படம். மற்றது, 'எதிர்ப்பு மரபணு உள்ள நத்தையை வளர்த்து நீர்நிலையில் விட்டால் நோய் ஒழிந்துவிடும்' என்று கட்டுரை சொன்ன முடிவு.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் இருப்பது உருண்டையான, வாயை மூடிக்கொள்ளத் தகடு உள்ள நம் வயல் நத்தை. மூலத்துக்கு நல்லது என்று சந்தையில் கூறு கட்டி விற்கிறார்களே, அதேதான். அந்த நத்தை சிஸ்டோசோமா என்ற இந்த ரத்தப்புழுவைப் பரப்புவதில்லை. அதை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது வேறு காரணங்களுக்காக. தவறான படத்தால் நத்தை பொறுக்கி விற்கும் பெண்களின் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது.

நோயைப் பரப்பும் நத்தைகள் வேறு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குடலைத் தாக்கும் சிஸ்டோசோமா மான்சோனியைச் சுமப்பது பயோம்ஃபலேரியா. சுருட்டி வைத்த நாடா போலத் தட்டையாக இருக்கும், வாய்த்தகடு கிடையாது. சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழுவைச் சுமப்பது புலைனஸ். இதன் ஓட்டினை, முனை மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் இருக்கும். அதே குளத்தில் கிடைக்கும் லிம்னேயா நத்தையைப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் நோய் பரப்பும் ஆங்கோமெலேனியா ஒரு சென்டிமீட்டர்கூட இராத சிறு நத்தை. அதற்கு வாய்த்தகடு உண்டு. ஆகவே தகடு இருந்தால் ஆபத்தில்லை என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

இனி எதிர்ப்பு மரபணு. நோயாளியின் மலத்தோடோ சிறுநீரோடோ நீரில் சேரும் முட்டையிலிருந்து மிராசிடியம் என்ற நீந்தும் இளம்புழு வெளிவருகிறது. சில மணி நேரத்துக்குள் தனக்கு ஏற்ற நத்தையைத் துளைத்து நுழையாவிட்டால் அது செத்துவிடும். நுழைந்துவிட்டால் நத்தையின் உடலுக்குள்ளேயே நகல் நகலாகப் பெருகி, 4, 5 வாரம் கழித்துச் செர்காரியாக்களாக ஆயிரக்கணக்கில் தினமும் வெளியேறும். மனிதத் தோலைத் துளைப்பவை இவைதான். ஒரே மிராசிடியத்திலிருந்து வந்த செர்காரியாக்கள் அத்தனையும் மரபணுவில் ஒன்றே, பாலும் ஒன்றே. எல்லாம் ஆண், அல்லது எல்லாம் பெண். எதிர்ப்புள்ள நத்தையில் இந்தப் பெருக்கம் தொடங்குவதே இல்லை. நத்தையின் ரத்த அணுக்கள் நுழைந்த புழுவைச் சூழ்ந்துகொண்டு ஓரிரு நாளிலேயே கொன்றுவிடுகின்றன.

இந்த எதிர்ப்பு பரம்பரையாக வருகிறது என்பதை 1953-லேயே அமெரிக்க ஆய்வாளர் நியூட்டன் கலப்பினச் சோதனையால் காட்டினார். பயோம்ஃபலேரியா கிளாப்ரேட்டா இருபால் உயிரி. துணை கிடைக்காவிட்டால் தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். அப்படியானால் கலப்பு நடந்ததா, தன்கருவுறுதல் நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறம்தான் சாட்சி. இந்த நத்தையில் கருநிறமி இல்லாத அல்பினோ வகை உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அது வெள்ளையாகத் தெரியாது, செக்கச்செவேல் என்றிருக்கும். கருநிறம் ஓங்கு பண்பு. அல்பினோ நத்தையையும் கருநத்தையையும் ஒரு கிண்ணத்தில் சில நாள் சேர்த்து வைத்துப் பிரித்து, அல்பினோ இடும் முட்டைக் கூழை எடுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். குஞ்சுகளுக்குக் கருநிறம் தெரிந்தால் கலப்பு நடந்திருக்கிறது. நிறமில்லை என்றால் அது தன் குஞ்சு, கணக்கில் சேர்க்கக் கூடாது. இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. இந்த நத்தை துணையின் விந்தணுவை வாரக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். சிறிதாக இருக்கும்போதே தனித்தனிக் கிண்ணத்தில் பிரித்து வளர்க்காவிட்டால், போன மாதத்துத் துணையின் குஞ்சை இந்த மாதத்துக் கலப்பு என்று எழுதிவிடுவோம்.

பிறகு வந்த ஆய்வுகள் எதிர்ப்பின் வழிமுறையைத் தேடிப் போயின. ஓர் ஆய்வக வம்சத்தில், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் மரபணு வடிவம் எதிர்ப்போடு சேர்ந்து வருவது 2006-ல் தெரிந்தது. இந்த நொதியின் வேலையால் உண்டாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். ரத்த அணு அதைக் கொண்டு புழுவைக் கொல்கிறது. 2015-ல் குவாதலூப் தீவு நத்தைகளில் மரபணுத்தொகையின் ஒரு சிறு பகுதி அடையாளம் காணப்பட்டது. அதன் எதிர்ப்பு வடிவம் இருந்தால் தொற்றுக்கான வாய்ப்பு விகிதம் 8 மடங்கு குறைந்தது. அங்குள்ள மரபணுக்கள் பெரும்பாலும் செல் சவ்வில் பதிந்து நிற்கும் புரதங்களுக்கு உரியவை. புழுவை அடையாளம் காணும் வேலை அவற்றுக்கு இருக்கலாம் என்பது கருத்து. நத்தை ரத்தத்தில் மிதக்கும் ஃப்ரெப் என்ற புரதக் குடும்பம் 1997-லேயே தெரிந்திருந்தது. இவை புழுவின் மேற்பரப்பில் உள்ள மியூசின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. கிளாப்ரேட்டாவின் முழு மரபணுத்தொகை 2017-ல் வெளியானது. சுமார் 91.6 கோடி எழுத்து, மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

உங்கள் கட்டுரை தடம் மாறியது இந்த இடத்தில்தான். ஃப்ரெப் நத்தைக்கு நத்தை மாறுபடும், மியூசின் புழுவுக்குப் புழு மாறுபடும். இரண்டும் பூட்டும் சாவியும்போல. ஓரூர்ப் புழுவை விரட்டியடிக்கும் நத்தை வேற்றூர்ப் புழுவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 'இது எதிர்ப்பு நத்தை' என்று மொட்டையாகச் சொல்வதில் பொருளே இல்லை. எந்த ஊர்ப் புழுவுக்கு, எத்தனை மிராசிடியம் கொடுத்தபோது, எந்த வயதில், எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு தகவல். குஞ்சாக இருக்கும்போது தொற்றுக்கு ஆளாகி, வளர்ந்தபின் எதிர்க்கும் வம்சங்கள் உண்டு. எந்த வயதிலும் எதிர்ப்பதாகப் பெயர் பெற்ற பிஎஸ்-90 என்ற பிரேசில் வம்சம், 32 டிகிரி செல்சியஸில் எதிர்ப்பை இழந்ததாக 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லா ஆய்வகத்திலும் அதே முடிவு வரவில்லை.

எதிர்ப்பை அளக்கும் சோதனையில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலங்கியல் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

புழு முட்டைகளை உப்புக் கரைசலில் கழுவி, குளோரின் இல்லாத நன்னீரில் இடுவார்கள். உப்புச் செறிவு குறைந்ததும் முட்டை பொரியும். குடுவையைக் கறுப்புத் தாளால் சுற்றிக் கழுத்தை மட்டும் வெளிச்சத்தில் விட்டால், மிராசிடியங்கள் ஒளியை நாடி மேலே வந்து கூடும். மெல்லிய பிப்பெட்டால் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு நத்தையும் சுமார் 2 மில்லிலிட்டர் நீரும் விட்டு, நத்தைக்கு 5 முதல் 10 வரை சேர்த்து ஓர் இரவு வைப்பார்கள். பொரிந்து பல மணி நேரம் ஆன மிராசிடியம் நீந்திக்கொண்டுதான் இருக்கும், துளைக்கும் வலு இருக்காது. அதைக் கொண்டு சோதித்தால் எல்லா நத்தையும் எதிர்ப்பு நத்தையாகத் தெரியும். நீரில் செம்பு துளி கலந்தாலும் இதே கதைதான். செம்புக் குழாய், மீன்தொட்டி மருந்து இரண்டையும் அண்ட விடக்கூடாது. செம்பு மிராசிடியத்துக்கும் நஞ்சு, நத்தைக்கும் நஞ்சு.

பிறகு சுமார் 26 டிகிரியில் கீரையும் கால்சியத்துக்குச் சுண்ணாம்புக்கல் தூளும் கொடுத்து வளர்க்க வேண்டும். 5, 6 வாரம் ஆனதும் இரவு முழுக்க இருட்டில் வைத்து, காலையில் தனித்தனிக் குழியில் விளக்கொளியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தால், தொற்றுள்ள நத்தையைச் சுற்றிப் பிளவுபட்ட வாலோடு செர்காரியாக்கள் துடிப்பது தெரியும். கையுறை கட்டாயம். அந்தச் சொட்டு நீரே தொற்றுக்குப் போதும்.

தவறு பெரும்பாலும் எண்ணிக்கையில் நேர்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். 100 நத்தைக்குப் புழு கொடுத்து, ஆறாவது வாரத்தில் 30 செத்துப்போய், மீதி 70-ல் 21 செர்காரியா விடுகின்றன என்று வையுங்கள். 30 சதவீதம் என்பார் ஒருவர், 21 சதவீதம் என்பார் இன்னொருவர். செத்த 30-ல் 20 தொற்றால் செத்திருந்தால் உண்மை 41 சதவீதம். புழு நத்தையின் உடலைத் தின்றே பெருகுவதால், தொற்றுள்ள நத்தை முந்திச் சாவது இயல்பு. செத்ததை அன்றே எடுத்து எத்தனாலில் போட்டு, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் புழு டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதும் எதிர்ப்பு சதவீதத்தை நம்ப வேண்டாம். நேரமும் ஏமாற்றும். மான்சோனி செர்காரியா பொதுவாக நண்பகலை ஒட்டி வெளிவரும். குவாதலூப்பில் எலிகளுக்குப் பழகிய மான்சோனி மாலையில் வெளிவருகிறது, ஓமனின் தோஃபார் பகுதியில் இரவில் வெளிவரும் வகையும் உண்டு. இந்த நேரமும் புழுவின் பரம்பரைப் பண்பே. காலையில் மட்டும் பார்ப்பவர் அவற்றைத் தவறவிடுவார்.

சரி, அந்தந்த ஊர்ப் புழுவை எதிர்க்கும் நத்தையே கிடைத்தாலும், அதை விட்டால் பெருகுமா? தொற்றிய நத்தை ஏறக்குறைய மலடாகிவிடுகிறது. அப்படியிருக்க எதிர்ப்பு நத்தைகளே இயற்கையில் எப்போதோ நிறைந்திருக்க வேண்டாமா? நிறையவில்லை. பெரும்பாலான நீர்நிலைகளில் நூற்றுக்குச் சில நத்தைகளே தொற்றோடு இருக்கின்றன. மீதி நத்தைகளுக்கு எதிர்ப்பால் லாபமில்லை, செலவு மட்டுமே. எதிர்ப்புக்காகத் தேர்ந்து வளர்த்த கிளாப்ரேட்டாக்களுக்குக் குஞ்சு குறைவாக இருந்ததை 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. புழு இல்லாத பருவத்தில் எதிர்ப்பு வடிவம் மெல்லத் தேய்ந்துபோகும் என்று இதிலிருந்து எதிர்பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிரேசிலின் தெற்கில் டாயிம் பகுதியில் வாழும் பயோம்ஃபலேரியா டெனகோஃபிலா வம்சம் மான்சோனியை எதிர்க்கிறது. அந்தப் பண்பு ஓங்கு பண்பு. தொற்றுக்கு ஆளாகும் அதே இன நத்தைகள் வாழ்ந்த ஓர் ஓடையில் இந்த டாயிம் நத்தைகளை விட்டு, பின்னர் மரபணுக் குறியீட்டால் தேடியபோது, கலப்புச் சந்ததி உருவாகியிருந்தது, தொற்றும் தன்மையும் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது ஓர் ஓடை, ஓர் இனம். டெனகோஃபிலாவில் கிடைத்த மரபணுவைக் கிளாப்ரேட்டாவுக்குக் கலப்பால் கொண்டுபோக முடியாது. எதிர்ப்பு மரபணுவை வலிந்து பரப்பும் ஜீன் டிரைவ் முறைக்கும் கலப்புதான் அடிப்படை. தன்கருவுறும் நத்தையில் அது முடங்கிப்போகும். முக்கியமாகப் புலைனஸ் ட்ரங்கேட்டஸ் பெரும்பாலும் தன்கருவுறுதலால்தான் பெருகுகிறது.

நத்தைக்கொல்லியும் தடுமாறுவது இதே காரணத்தால்தான். நிக்லோசமைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் நத்தையைக் கொல்லும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள குட்டையில் 1 லட்சம் லிட்டர் நீர். அதற்குத் தேவை 100 கிராம் மருந்து, 50 சதவீதத் தூளானால் 200 கிராம். கணக்கு எளிது. ஆனால் கரையேறி ஒட்டிக்கொண்ட ஒன்றோ சேற்றில் புதைந்த ஒன்றோ தப்பினால், துணையே இல்லாமல் அந்த ஒன்றிலிருந்து குட்டை மறுபடி நிறையும். அதற்குள் மீன் செத்து மிதக்கும்.

அதனால்தான், எதைச் செய்வதற்கு முன்பும் அந்த நீர்நிலையில் இருக்கும் நத்தை எது, புழு எது என்று மரபணுவால் உறுதி செய்யுங்கள் என்கிறோம். ஓட்டின் தோற்றத்தை நம்ப முடியாது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் புலைனஸ் ட்ரோபிகஸும் புலைனஸ் ட்ரங்கேட்டஸும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. குரோமோசோமை எண்ணினால் ஒன்றில் 36, மற்றதில் 72. சிறுநீர்ப்பைப் புழுவைச் சுமப்பது 72 உள்ளது.

மாதிரி சேகரிப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ சிதைந்துவிடும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். நத்தை உள்ளே சுருங்கிக்கொண்டால் எத்தனால் உள்ளே போகாது, ஓட்டில் சிறு விரிசல் இட வேண்டும். நத்தையின் உடல் நீரால் எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் மாற்றியே ஆக வேண்டும். டிஎன்ஏ எடுக்கக் காலிலிருந்து 2 மில்லிமீட்டர் சதை போதும். செரிமானச் சுரப்பியை எடுத்தால் உணவின் டிஎன்ஏவும் புழுவின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். நத்தையின் சளி பிசிஆர் வினையைத் தடுக்கும். சிடாப் என்ற சோப்பு வகை வேதிப்பொருளின் கரைசலால் அதை நீக்க வேண்டும். பிசிஆர் வரவில்லை என்றால் பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) சந்தேகிக்கும் முன் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவோடு நிற்கவும் கூடாது. அது தாய்வழி மட்டுமே. உட்கருவின் ஐடிஎஸ் பகுதியையும் சேர்த்துப் படித்தால்தான் கலப்பினம் பிடிபடும். பிரான்ஸின் கோர்சிகா தீவில் கவு ஆற்றில் 2013-ல் குளித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை நோய் வந்தபோது, புழு மனித இனமும் கால்நடை இனமும் கலந்தது என்பதும், செனகல் வழி வந்தது என்பதும் இப்படித்தான் தெரிந்தது. நத்தை மட்டும் உள்ளூர்ப் புலைனஸ் ட்ரங்கேட்டஸ். புழு எங்கிருந்தோ வந்தது, பூட்டு அங்கே ஏற்கெனவே பொருந்தியிருந்தது.

நம்மூர் நிலையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் குளம், வயல், வாய்க்காலில் உள்ள தட்டைச் சுருள் நத்தை இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ். பார்வைக்குப் பயோம்ஃபலேரியா போல இருந்தாலும் மரபணுவில் புலைனஸுக்கே நெருங்கிய உறவு. ஓர் இனம் என்று நினைத்திருந்தது உண்மையில் பல மரபுக் கிளைகள் என்பதையும் டிஎன்ஏ காட்டிவிட்டது. மாடு மூச்சுவிடும்போது குறட்டைச் சத்தம் வருவதற்குக் காரணமான மூக்குப் புழுவையும், கால்நடைகளின் வேறு ரத்தப்புழுக்களையும் சுமப்பது இதுவே. எந்தக் கிளை எந்தப் புழுவைச் சுமக்கிறது என்பதை மாவட்டவாரியாகச் சோதிப்பது நம் கால்நடைக் கல்லூரிகள் எடுத்துச் செய்யத்தக்க வேலை. மனிதருக்கு இதனால் வருவது தோல் அரிப்பு. கால்நடைப் புழுவின் செர்காரியா நம் தோலில் நுழைந்து அங்கேயே செத்துவிடும். நாற்று நடுபவர்களின் காலில் சிவந்த தடிப்பாகத் தெரியும், சில நாளில் தானே அடங்கும். வயலைவிட்டு ஏறியதும் துணியால் அழுத்தித் துடைப்பது உதவும். மாட்டுக்கு, நத்தை இல்லாத தொட்டியில் இரண்டு நாள் நிறுத்திவைத்த நீரைக் கொடுங்கள். துளைக்க உடல் கிடைக்காத செர்காரியா அதற்குள் செத்திருக்கும்.

இந்தியாவில் மனிதருக்குச் சிறுநீர்ப்பை வகை நோய் இருந்ததாக 1952-ல் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டம் கிம்வி கிராமத்திலிருந்து வந்த செய்தி அறிவியல் பதிவில் இருக்கிறது. அந்த ஊரை மறக்கக் கூடாது. ஹாங்காங்கையும் மறக்கக் கூடாது. தென் அமெரிக்கப் பயோம்ஃபலேரியா ஸ்ட்ராமினியா 1970-களில் அங்கே ஓடைகளில் தென்பட்டது, பின்னர் சீனாவின் குவாங்டாங்குக்கும் பரவியது. மீன்தொட்டிக்கான நீர்ச்செடிகளோடு அது வந்திருக்கும் என்பதே பரவலான கருத்து. சென்னை கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்போன இடம். ராம்ஸ்ஹார்ன் என்ற ஒரே பெயரில் பல இனத் தட்டை நத்தைகள் கைமாறுகின்றன, ஓட்டின் தோற்றத்தை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. மீன் வளர்ப்பவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். புதிய செடியைத் தனி வாளியில் 3 வாரம் வையுங்கள். இலையின் அடியில் கண்ணாடி போன்ற கூழில் புள்ளி புள்ளியாக முட்டை இருக்கும். சுமார் ஒரு வாரத்தில் பொரியும், குஞ்சு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், கைவிளக்கடித்துப் பாருங்கள். வேண்டாத நத்தையையும் கழித்த செடியையும் ஏரியிலோ கால்வாயிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இப்படிக்கு,
நீர்நத்தை, ஒட்டுண்ணி ஆய்வில் ஈடுபட்டுள்ள சிலர்
சென்னை